திரும்ப வைக்கும் கை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு கோடை விடுமுறையில், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதை முழுவதையும் என் பெரியப்பாவுக்குச் சொன்னேன். மூன்று பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஆங்கிலப் புத்தகம். கல்லூரி நூலகத்தில் எடுத்து, வந்தவாசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். அப்போதெல்லாம் பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, மல்லாட்டைக் கொல்லையில் பாத்தி நிரம்ப நிரம்ப மடை மாற்ற வேண்டும். ஒரு மடைக்கும் அடுத்த மடைக்கும் நடுவில் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கதை நடக்கும். “தண்ணி கடைசிக்கு வந்திருக்கும், நிறுத்தி வை” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வந்து, விட்ட இடத்தைச் சரியாகச் சொல்லி, “அப்புறம்?” என்பார்.

பெரியப்பா அதிகம் படிக்கவில்லை. ஆனால் பாரதம் அவருக்கு மனப்பாடம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், துரியோதனன் படுகளம், தீமிதி என்று போய் முடியும். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் படித்து அர்த்தம் சொல்லும்போது பெரியப்பா பந்தலின் முன்வரிசையில் இருப்பார். சந்தேகம் வந்தால் எழுந்து கேட்பார். கதை கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை; அது ஒரு விசாரணை. டோல்கின் எழுதிய கதையையும் அப்படித்தான் விசாரித்தார். மந்திர ஆயுதங்களைப் பற்றியும், அவற்றைக் கையில் எடுக்கிறவர்களைப் பற்றியும் இன்று நான் நினைப்பதெல்லாம் அந்தக் கொல்லை மேட்டில் தொடங்கியதுதான்.

அவருடைய முதல் கேள்வி மோதிரத்தைப் பற்றி. “போட்டுக்கிட்டா மறைஞ்சுடலாம். அவ்ளோதானா? அதுக்கா இவ்ளோ பெரிய சண்டை?”

நியாயமான கேள்வி. 1937-ல் வந்த ‘தி ஹாபிட்’ நாவலில் அந்த மோதிரம் உண்மையிலேயே அவ்வளவுதான். ஹாபிட் என்னும் குட்டையான இனத்தைச் சேர்ந்த பில்போ, மலைக்கு அடியில் இருட்டில் தடவிக் கண்டெடுக்கும் ஒரு மாய மோதிரம். முதல் பதிப்பில், கோல்லம் என்கிற அந்தக் குகைவாசி விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறான். அடுத்த பெரிய நாவலை எழுதிக்கொண்டு போகையில்தான் அந்த மோதிரத்தை யாரும் மனமுவந்து கொடுத்துவிட முடியாது என்று டோல்கினுக்குத் தெளிவாகியது. கதை அப்படித் திரும்பிய பிறகு பழைய அத்தியாயம் பொருந்தவில்லை. 1951-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை மாற்றி எழுதினார். இப்போது கோல்லம் மோதிரத்தைப் பணயம் வைப்பதில்லை. அது போய்விட்டது என்று தெரிந்ததும் ஓலமிடுகிறான். ஒரு மாயப் பொருளின் குணத்தைச் சரியாகப் பிடிப்பதற்காக, வெளியாகி வாசகர் கையில் புழங்கிக்கொண்டிருந்த புத்தகத்தைத் திருத்திய எழுத்தாளர் அவர்.

நாங்கள் சிறுவயதில் அம்புலிமாமாவில் படித்த மந்திரப் பொருட்கள் இப்படி இல்லை. அலாவுதீனின் விளக்கு தேய்த்தவனுக்கு வேலை செய்யும், தேய்த்தவனை மாற்றாது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் ஒரு மோதிரம் வருகிறது. அது கிடைத்த இடையன், கண்ணுக்குத் தெரியாமல் அரண்மனைக்குள் புகுந்து, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்கவில்லை என்றால் மனிதன் நேர்மையாக இருப்பானா என்பது அங்கே கேள்வி. டோல்கினின் கேள்வி இதைத் தாண்டிப் போகிறது. நல்ல காரியத்துக்காகவே எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறது. அவருடைய மோதிரம், போட்டுக்கொள்கிறவனின் தகுதிக்கு ஏற்றபடிதான் பலம் கொடுக்கும். கோல்லத்துக்குக் கிடைத்தது ஒட்டுக்கேட்கவும் திருட்டுத்தனம் பண்ணவும் தேவையான பலம். பெரிய மனசும் பெரிய ஆற்றலும் உள்ளவனுக்கு அது பெரிய பலத்தையே கொடுக்கும். ஆகவே அது யாருக்கு அதிக ஆபத்து என்றால், பெரியவர்களுக்கு.

இதைச் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப கெட்டவனை விட நல்லவன்தான் அதுகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்” என்றார்.

பில்போ ஊரைவிட்டுப் போகும் காட்சியை அவர் மறுபடி சொல்லச் சொன்னார். பில்போவுக்கு அன்று நூற்றுப் பதினோராவது பிறந்தநாள். அறுபது வருஷமாகச் சட்டைப் பையில் கிடந்த மோதிரத்தைத் தன் வாரிசான ஃப்ரோடோவுக்கு விட்டுவிட்டுப் போவதென்று முடிவு செய்து, ஓர் உறையில் போட்டு, கணப்படுப்பின் மேல்தட்டில் வைப்பதாக இருக்கிறார். மந்திரவாதி கேண்டால்ஃப் வந்து கேட்கும்போது உறை அங்கே இல்லை. பில்போவின் சட்டைப் பையில் இருக்கிறது. கொடுப்பதற்கு என்ன அவசரம், அது என்னுடையது, நான்தானே கண்டெடுத்தேன் என்று வாக்குவாதம் முற்றுகிறது. இத்தனை வருஷத்து நண்பரின் முன்னால் அவர் கை வாளின் கைப்பிடிக்குப் போய்விடுகிறது. பிறகு தன்னிலைக்கு வந்து, உறையை எடுத்து வைக்கப் போகிறார். வைக்கப்போன கை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்கிறது. உறை தரையில் விழுகிறது. அவர் குனிவதற்குள் கேண்டால்ஃப் குனிந்து எடுத்து மேலே வைத்துவிடுகிறார். பில்போவின் முகத்தில் ஒரு கணம் கோபம். அடுத்த கணம் பாரம் இறங்கிய சிரிப்பு.

இதற்குப் பல வருஷம் கழித்து ஃப்ரோடோவுக்கும் இதேதான் நடக்கிறது. மோதிரம் எப்பேர்ப்பட்டது என்று கேட்டு நடுங்கிப்போய், அதை அழித்தே தீர வேண்டும் என்று அவன் சொல்கிறான். அப்படியானால் இந்த அடுப்பில் போடு என்கிறார் கேண்டால்ஃப். போடத்தான் கையை ஓங்குகிறான். பார்த்தால், மோதிரத்தைத் திரும்பவும் பைக்குள் வைத்திருக்கிறான். சாதாரணக் கணப்பு நெருப்பு அந்த மோதிரத்தை ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம். தன் கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை அவன் அங்கேதான் தெரிந்துகொள்கிறான். ஃபேன்டசி நாவல்களில் போர்க்களங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு கை ஓர் உறையை மேல்தட்டில் வைக்க முடியாமல் தவிக்கும் இந்தக் காட்சிக்கு ஈடாக என்னைப் பயமுறுத்தியது எதுவும் இல்லை.

அடுத்து ஃப்ரோடோ, நீங்களே இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேண்டால்ஃபிடம் கெஞ்சுகிறான். அவர் துள்ளி எழுந்து மறுக்கிறார். தன் மனசுக்குள் நுழைய அந்த மோதிரம் பிடிக்கும் வழி இரக்கம்தான் என்கிறார். பலவீனர்களைக் கண்டு இரங்கி, அவர்களுக்கு நல்லது செய்யப் பலம் வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசையே போதும். கதையின் கரு இந்த இடத்தில் இருக்கிறது. 1963-ல் ஒரு வாசகிக்கு எழுதிய கடித வரைவில் டோல்கின் இதை இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். கேண்டால்ஃப் மோதிரத்தின் எஜமானன் ஆகியிருந்தால், அதைச் செய்த எதிரியான சௌரோனை விட மோசமாகியிருப்பார் என்பது அவர் கருத்து. கேண்டால்ஃப் நியாயவானாகவே இருந்திருப்பார். தான் நினைத்ததே நியாயம் என்கிற நியாயவானாக. அவர் கையில் நன்மை என்பதே மனிதர்கள் வெறுக்கிற ஒன்றாகியிருக்கும். எங்களுக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டே எங்கள் வாயை அடைத்தவர்களை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கருத்து என் முன்னால் வந்து நிற்கிறது.

அன்று ராத்திரி பெரியப்பா எனக்குப் பதிலுக்கு ஒரு கதை சொன்னார். பிரசங்கியார் வாய்வழி அவர் கேட்டது. வியாச பாரதத்தில் சௌப்திக பருவத்தில் அது இருக்கிறது என்பதைப் பின்னாளில் ம.வீ. இராமானுஜாசாரியாரின் கும்பகோணம் பதிப்பைப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

பாண்டவர் வனவாசத்தில் இருந்த காலம். அசுவத்தாமன் துவாரகைக்கு வருகிறான். என்னிடம் பிரமசிரசு என்னும் அஸ்திரம் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு உன் சக்கரத்தைக் கொடு என்று கிருஷ்ணனிடம் கேட்கிறான். உன் அஸ்திரம் எனக்கு வேண்டாம், என் ஆயுதங்களில் உன்னால் தூக்க முடிந்ததை எடுத்துக்கொள் என்கிறான் கிருஷ்ணன். அசுவத்தாமன் இடது கையால் சக்கரத்தைப் பிடிக்கிறான், அசையவில்லை. வலது கையால் பிடிக்கிறான், அசையவில்லை. முழுப் பலத்தையும் கொடுத்து முயன்று, களைத்து, தலைகுனிந்து நிற்கிறான். என் உயிருக்குயிரான அர்ச்சுனன்கூட இதைக் கேட்டதில்லை, என் மகன் கேட்டதில்லை, என் அண்ணன் கேட்டதில்லை. நீ இதை வைத்து யாரோடு போர் செய்வதாக இருந்தாய் என்று கிருஷ்ணன் கேட்கிறான். உன்னோடுதான் என்று உண்மையைச் சொல்கிறான் அசுவத்தாமன். உன்னிடமே வாங்கி, உன்னையே எதிர்த்தால், என்னை வெல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன் என்கிறான்.

“கேட்டான் பாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு” என்றார் பெரியப்பா. “அவங்க அப்பனுக்கே தெரியும். அர்ச்சுனனுக்குக் கொடுத்ததைப் பார்த்துப் பொறுக்காம நச்சரிச்சு வாங்கினவன் அவன். துரோணர் மனசு ஒப்பாமத்தான் கொடுத்தாரு.”

அந்த அஸ்திரத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். போர் முடிந்தபின், தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டிவிட்டு ஓடிய அசுவத்தாமன், பாண்டவர்கள் தன்னைப் பிடிக்க வந்ததும் ஒரு புல்லை எடுத்து அதில் பிரமசிரசை ஏற்றி விடுகிறான். அதைத் தணிப்பதற்காக அர்ச்சுனனும் அதே அஸ்திரத்தை விடுகிறான். விடும்போது முதலில் குருவின் மகன் நலமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டே விடுகிறான். இரண்டு நெருப்பும் மோதினால் உலகம் தாங்காது என்று நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். திரும்பப் பெறுங்கள் என்கிறார்கள். அர்ச்சுனன் திரும்பப் பெறுகிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. விரதமும் அடக்கமும் இல்லாதவன் அதைத் திரும்பப் பெற நினைத்தால் அது அவன் தலையையே வாங்கிவிடும். வேறு வழியின்றி, பாண்டவர் குலத்துப் பெண்களின் கருவின் மேல் அதைத் திருப்பி விடுகிறான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆசான், ஒரே மந்திரம், ஒரே அஸ்திரம். விடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். திரும்ப வாங்கத் தெரிந்தவன் ஒருவன். பில்போவின் கை ஏன் பெரியப்பாவை அவ்வளவு பிடித்து உலுக்கியது என்று அப்போது புரிந்தது. அவர் அந்தக் கையை ஏற்கெனவே பாரதத்தில் பார்த்திருந்தார். பலத்தைக் கையில் எடுப்பவனின் தகுதியை, எடுக்கும் வேகத்தில் அளக்கக் கூடாது. திரும்ப வைக்க முடிகிறதா என்பதில் அளக்க வேண்டும். இருவேறு நாட்டுக் கதைகள் இதை ஒரே உறுதியோடு சொல்லியிருக்கின்றன.

அர்ச்சுனனுக்கும் எல்லை உண்டு. வன பருவத்தில், தேவலோகத்திலிருந்து திரும்பியவனிடம், கொண்டுவந்த அஸ்திரங்களைக் காட்டு என்று தருமன் ஆசையாகக் கேட்கிறான். அர்ச்சுனன் காட்டத் தொடங்கியதுமே பூமி நடுங்குகிறது, கடல் கலங்குகிறது, காற்று நின்றுவிடுகிறது. நாரதர் ஓடிவந்து தடுக்கிறார். இலக்கு இல்லாமல் இவற்றை விடக் கூடாது, இலக்கு இருந்தாலும் பெரிய ஆபத்து வந்தாலொழிய விடக் கூடாது என்கிறார். தருமனைப் போன்றவனுக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வருகிறது. அந்த ஆசை இயல்பானது என்று பாரதம் ஒத்துக்கொள்கிறது, ஒத்துக்கொண்டு தடுக்கிறது.

எங்கள் விசாரணையில் கடினமான கேள்வி, மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க ஃப்ரோடோவோடு புறப்பட்ட வீரன் போரமிரைப் பற்றி வந்தது. போரமிர் கெட்டவன் இல்லை. அவன் நாடு எதிரியின் வாசலிலேயே இருக்கிறது. தினம் சாகிறவர்கள் அவன் ஆட்கள். எதிரியின் ஆயுதம் நம் கையில் சிக்கியிருக்கும்போது அதை எரிமலையில் கொண்டுபோய்ப் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று அவன் வாதாடுகிறான். கடைசியில் ஃப்ரோடோவிடமிருந்து அதைப் பிடுங்கப் பார்க்கிறான். பிறகு அதற்காகக் கதறி, இரண்டு சின்ன ஹாபிட்டுகளைக் காப்பாற்றப் போராடி உயிரை விடுகிறான். அவன் தகப்பன் டெனதோர் இன்னும் நயமாகப் பேசுவார்: உபயோகிக்க வேண்டாம், பாதாள அறையில் பத்திரமாக வைத்திருக்கலாம், வேறு வழியே இல்லாத கடைசிக் கட்டத்தில் மட்டும் எடுக்கலாம் என்பார். மலைக்கடியில் புதைத்து வைத்தாலும் அது உன் மனசை எரித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் கேண்டால்ஃபின் பதில். வைத்திருப்பதே உபயோகிப்பதன் முதல் படி என்று டோல்கினுக்குத் தெரிந்திருந்தது.

“நாம எடுக்கலைன்னா எதிரி எடுப்பான் இல்ல?” என்று பெரியப்பா கேட்டார். கேட்டவரே பதிலையும் தேடிக்கொண்டு போனார். கம்பராமாயணத்தில் பிரமாத்திரப் படலம் அவர் நினைவுக்கு வந்தது. இந்திரசித்தோடு சண்டை நீளும்போது, பிரமாத்திரத்தை விட்டு இவனை முடித்துவிடுகிறேன் என்று இலக்குவன் அனுமதி கேட்கிறான். அது ஒருவனோடு நிற்காது, உலகங்களையே சுட்டுவிடும் என்று இராமன் மறுக்கிறான். இவர்களுக்கு இப்படி ஓர் எண்ணம் இருப்பதை அறிந்துகொண்ட இந்திரசித்து மறைந்துபோய், அதே அஸ்திரத்தை முந்திக்கொண்டு விடுகிறான். இலக்குவனும் வானரப் படையும் விழுகிறார்கள். அனுமன் மருந்து மலையைப் பெயர்த்துக்கொண்டு வரும்வரை களம் பிணக்காடாகக் கிடக்கிறது. கம்பன் இதை மறைக்கவில்லை. மறுத்தவனுக்கு நஷ்டம் வரும் என்று வெளிப்படையாகக் காட்டிவிட்டு, மறுத்தது சரிதான் என்கிறான். நல்லவன் மறுத்தான், உடனே வெற்றி கிடைத்தது என்று முடியும் கதைகளை நான் நம்புவதில்லை.

டோல்கினுக்கு இது ஏட்டுப் படிப்பில் கிடைத்த ஞானம் இல்லை. 1916-ல் சோம் போர்க்களத்தில் அவர் இளம் அதிகாரியாக இருந்தார். 1918 முடிவதற்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். எழுத எழுத அத்தியாயங்களை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் தகப்பன். 1944-ல் மகனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், நாம் மோதிரத்தைக் கொண்டே சௌரோனை ஜெயிக்கப் பார்க்கிறோம், ஜெயித்தும் விடுவோம், ஆனால் அதற்கு விலையாகப் புதிய சௌரோன்களை வளர்த்துவிடுவோம் என்ற பொருளில் வருந்தியிருக்கிறார். மறுவருஷம் ஹிரோஷிமா மேல் குண்டு விழுந்தது. மோதிரம் அணுகுண்டின் உருவகம் என்று பலர் பின்னால் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையான போரைப் பார்த்து இந்தக் கதையை எழுதியிருந்தால், மோதிரத்தைக் கைப்பற்றி எதிரிக்கு எதிராக உபயோகித்திருப்பார்கள் என்று ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். உலகம் செய்யாத ஒன்றைத் தன் கதை மாந்தர் செய்யட்டும் என்று அவர் விரும்பினார். கற்பனைக் கதையின் கடமை அதுதான் என்று நானும் நம்புகிறேன்.

மறுப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மறுப்பதில்லை. கலாட்ரியல் அரசிக்கு ஃப்ரோடோ தானாகவே மோதிரத்தை நீட்டுகிறான். வெகுகாலமாக அதைப் பற்றி யோசித்து வைத்திருப்பவள் அவள். எல்லோரும் நேசித்து நடுங்கும் மகாராணியாகத் தான் நிற்பதை ஒரு கணம் கண்முன் பார்க்கிறாள். பிறகு வேண்டாம் என்கிறாள். மோதிரம் அழிந்தால் அவளுடைய வனநாட்டின் அழகும் மங்கிப்போகும், அவளும் சிறுத்து மேற்கே கடல் தாண்டிப் போக வேண்டும். அது தெரிந்தே மறுக்கிறாள். போரமிரின் தம்பி ஃபாரமிர், வழியில் கிடந்தாலும் நான் எடுக்க மாட்டேன் என்று சொன்னவன். மோதிரம் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரிந்த பிறகும் அந்த வார்த்தையில் நிற்கிறான். 2002-ல் வந்த பீட்டர் ஜாக்சனின் படத்தில் அவனும் முதலில் சபலப்பட்டு ஃப்ரோடோவை இழுத்துக்கொண்டு போவான். திரைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். எனக்குப் புத்தகத்து ஃபாரமிர்தான் வேண்டும். சொன்ன சொல்லுக்காக மட்டுமே ஒரு மனிதன் இவ்வளவு பெரிய ஒன்றை விட்டுவிடுவான் என்று நம்பவைக்கிறவன் அவன்.

பெரியப்பாவுக்குப் பிடித்தவன் ஃப்ரோடோவின் தோட்டக்காரன் சாம். எஜமான் செத்துவிட்டான் என்று நினைத்து மோதிரத்தைக் கொஞ்ச நேரம் சுமக்கிறான். அவனுக்கும் அது ஆசை காட்டுகிறது. நெருப்பு வாளோடு படை நடத்தும் சாம், அவன் ஒரு வார்த்தை சொன்னதும் எதிரியின் நாடான மோர்டாரின் சாம்பல் நிலமெல்லாம் பூவும் பழமுமாகப் பூத்துக் குலுங்கும் காட்சி. அவரவருக்கு எது பிரியமோ அதையே மோதிரம் தூண்டிலில் மாட்டுகிறது. தோட்டக்காரனுக்கு அது காட்டியது தோட்டத்தைத்தான். சாம் தப்பித்தது எஜமான் மேல் இருந்த அன்பால். தன் கையால் கொத்திப் பராமரிக்க முடிந்த ஒரு சின்னத் தோட்டம் தனக்குப் போதும், அடுத்தவனை ஏவிச் செய்ய வேண்டிய பெரிய தோட்டம் வேண்டாம் என்கிற தெளிவால். “வெள்ளாமை பண்றவன் புத்தி” என்று பெரியப்பா சந்தோஷப்பட்டார். “எவ்ளோ நிலம் நம்மால ஆகும்னு தெரிஞ்சவனை ஒண்ணும் பண்ண முடியாது.”

முடிவைச் சொன்ன ராத்திரி அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. எரிமலையின் விளிம்பு வரை மோதிரத்தைச் சுமந்த ஃப்ரோடோ, கடைசி நிமிஷத்தில் அதைப் போட மறுத்து, என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தோடு கூத்தாடி, கால் தவறி நெருப்புக்குள் விழுகிறான். உலகம் பிழைத்துவிடுகிறது. பிழைக்க வைத்தது யாருடைய மனவலிமையும் இல்லை. கோல்லத்தைக் கொல்லும் வாய்ப்பு பில்போவுக்குக் கிடைத்தது, இரக்கப்பட்டு விட்டார். ஃப்ரோடோவுக்குக் கிடைத்தது, விட்டான். சாமுக்கும் அந்த மலையிலேயே கிடைத்தது, அவனும் விட்டான். அந்த இரக்கம்தான் கடைசியில் வேலை செய்தது. ஃப்ரோடோ தோற்றது ஒழுக்கக் குறைவு இல்லை, அவனால் தாங்க முடிந்த எல்லையைத் தாண்டிய சுமை அது என்று டோல்கின் அதே 1963 வரைவில் எழுதியிருக்கிறார்.

பெரியப்பா கடைசியில் சொன்னது பரீட்சித்து பிறந்த கதை. அசுவத்தாமனின் அஸ்திரத்தால் உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தை செத்துப் பிறக்கிறது. அதைப் பிழைக்க வைக்கக் கிருஷ்ணன் சக்கரத்தை எடுக்கவில்லை. நான் விளையாட்டுக்கும் பொய் சொன்னதில்லை, போரில் புறங்காட்டியதில்லை, அந்தப் புண்ணியத்தால் இந்தப் பிள்ளை பிழைக்கட்டும் என்கிறான். குழந்தை அசைகிறது. அஸ்திரம் செய்த நாசத்தை வேறு அஸ்திரம் சரிசெய்யவில்லை. ஒருவன் வாழ்ந்த வாழ்க்கை சரிசெய்தது. “உங்க கதையில இரக்கம். நம்ம கதையில சத்தியம்” என்றார் பெரியப்பா. நான் படித்த எந்தத் திறனாய்விலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயில் பெட்டகச் சாவியும் திருவிழாக் கணக்கும் வெகுகாலம் அவரிடம் இருந்தன. ஊரில் ஒரு சண்டை தீர வேண்டும் என்றாலும், ஒரு கல்யாணத்துக்கு மேளம் சொல்ல வேண்டும் என்றாலும் அந்தச் சாவியை வைத்திருப்பவரின் வார்த்தைக்கு எடை உண்டு. நான் வேலைக்குப் போன பிறகு ஒரு வருஷம், தீமிதி முடிந்து கொடி இறக்கிய அன்று, பங்காளிகளைக் கூப்பிட்டு, அடுத்த தலைமுறையில் ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவும் இல்லை. இன்னும் பத்து வருஷம் நீங்களே பார்க்கலாமே என்று ஊரே சொன்னது. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “கொடுக்கணும்னு தோணும்போதே கொடுத்துடணும்டா. அப்புறம் கொடுக்க விடாது” என்றார். மோதிரத்தை நினைத்துச் சொன்னாரா, அசுவத்தாமனை நினைத்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

இன்று தமிழிலும் ஃபேன்டசி எழுத ஆர்வத்தோடு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படிக்கக் கொடுக்கும்போது ஆசையாகப் படிக்கிறேன். வாள், மணி, ஓலை, ரசமணிக் குளிகை என்று அற்புதமான பொருட்களைப் படைக்கிறார்கள். அந்தப் பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதை எடுத்தவன் திரும்ப வைக்கும் இடம் கதையில் எங்கே இருக்கிறது? வைக்க முடியாமல் போனால் அவன் என்ன ஆவான்? வைத்துவிட்டால் எதை இழப்பான்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்து எழுதினால் போதும். மந்திரம் எப்படிப்பட்டதாக இருந்தாலும், அந்தக் கதை படிக்கிறவனின் கையையும் கொஞ்சம் பழக்கிவிட்டுப் போகும். வாழ்க்கையில் நம்மில் யாருக்கும் பிரமாத்திரம் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பதவி, ஒரு கையெழுத்து, ஒருவரைப் பற்றித் தெரிந்துவிட்ட ஒரு ரகசியம் என்று ஏதோ ஒன்று எல்லோர் கையிலும் வந்து உட்காரும். நல்லதுக்குத்தானே என்று அதுவும் சொல்லும். அப்போது வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தை முன்கூட்டியே கொடுப்பது இந்தக் கதைகள்தான். அதனால்தான் அவற்றைப் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்கிறேன்.